கேட்டிலிருந்து வாசற்படி வரை: கடலோர வீட்டுக்கு ஒரு கான்கிரீட் நடைபாதை

இராமநாதபுரம் மாவட்டத்தின் தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். வீடு நன்றாக நிற்கும், சுவரில் புதுப் பெயின்ட் இருக்கும். கேட்டிலிருந்து வாசற்படிக்குப் போட்ட சிமென்ட் பாதை மட்டும் குறுக்கே பிளந்து, ஓரம் உடைந்து, மேல்தோல் பொரிந்து கிடக்கும். "சிமென்டைக் கம்மியாப் போட்டுட்டாங்க" என்பார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. சிமென்டை அள்ளிக் கொட்டிப் போட்ட பாதைகளும் இதே போலத்தான் போகின்றன. அடிமண்ணை இறுக்காமல் விட்டது, கலவையில் உப்புத் தண்ணீர் சேர்ந்தது, ஜாயின்ட் என்ற பிரிவு இடைவெளி விடாதது ஆகிய மூன்றில் ஒன்றோ, மூன்றுமோதான் பாதையைக் கெடுக்கிறது.

வீட்டு மாடித் தளமும் நடைபாதையும் ஒரே கான்கிரீட்தான் என்றாலும் வேலை வேறு. மாடித் தளம் சுவருக்குச் சுவர் தாவி நிற்கிறது, அதனால் அதற்குக் கம்பி வேண்டும். நடைபாதை தாவுவதில்லை, தரையில் படுத்துக் கிடக்கிறது. அடியில் உள்ள மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாங்கும்வரை 4 அங்குலக் கனம் மனிதர் நடக்கவும் சைக்கிள் உருட்டவும் தாராளம். ஒரு இடத்தில் மண் இறங்கிவிட்டால் அங்கே ஸ்லாப் அந்தரத்தில் நிற்கும். ஆள் மிதித்ததும் முறியும். மேலே எத்தனை மூட்டை போட்டிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

பிளக்கத்தான் செய்யும், எங்கே என்பதை நாம் சொல்லலாம்

கான்கிரீட் காயும்போது சுருங்கும். எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது. 10,000 பங்குக்கு 5 பங்கு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 30 அடி நீளப் பாதை என்றால் 4 முதல் 5 மில்லிமீட்டர். இது போக வெயிலில் விரிவதும் இரவில் சுருங்குவதும் தனிக் கணக்கு: மேற்பரப்புச் சூடு 30 டிகிரி ஏறி இறங்கினால் அதே 30 அடிக்கு இன்னொரு இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். ஸ்லாப் சுருங்க நினைக்கும், அடியில் உள்ள தரை அதைப் பிடித்து வைக்கும். இந்த இழுபறியில் கான்கிரீட்தான் தோற்கும், ஏனென்றால் அதற்கு அமுக்கத்தைத் தாங்கும் பலம் அதிகம், இழுவையைத் தாங்கும் பலம் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

அதனால் விரிசலே விழாத பாதை வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்பதில் பொருளில்லை. விரிசல் நாம் குறித்த கோட்டில் விழ வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கோடுதான் காடி. 4 அங்குலக் கனத்துக்கு 1 அங்குல ஆழம், அதாவது கனத்தில் கால் பங்கு, வெட்டி விட வேண்டும். அந்த இடத்தில் ஸ்லாப் மெலிந்து இருப்பதால் சுருக்கம் அங்கேதான் பிளக்கும். பிளவு காடியின் அடியில் ஒளிந்துகொள்ளும். கட்டம் ஏறத்தாழச் சதுரமாக இருக்க வேண்டும். 4 அடி அகலப் பாதைக்கு 4 அடிக்கு ஒரு காடி என்று வைத்தால் தப்பே வராது. 8, 10 அடி நீளக் கட்டம் விட்டால் நடுவில் தானாக ஒரு கோடு விழும். அரை அங்குல ஆழத்துக்கு அழகுக்காகக் கீறிவிட்ட கோடு காடி ஆகாது. விரிசல் அதை மதிக்காமல் பக்கத்தில் போகும்.

காடி வேறு, பாதையை மற்றவற்றிலிருந்து பிரித்து நிறுத்தும் ஜாயின்ட் வேறு. பாதை வீட்டுச் சுவரை, வாசற்படியை, கேட் தூணை, சம்ப் மூடியின் விளிம்பைத் தொடும் இடங்களில் இரண்டும் ஒட்டவே கூடாது. வீடு ஒரு மாதிரி அசையும், பாதை ஒரு மாதிரி அசையும். அங்கெல்லாம் 12 மில்லிமீட்டர் கனத்தில் தெர்மாகோலோ தார் அட்டையோ முழு ஆழத்துக்கும் நிறுத்திவிட்டுத்தான் கான்கிரீட்டைக் கொட்ட வேண்டும். பின்னர் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தார் அல்லது சீலன்ட் அடைத்தால் மழைத்தண்ணீர் இறங்காது. கேட் தூண் பக்கத்தில் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பார்த்தால், அங்கே இந்த அட்டையை வைக்கவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

அடிமண்

இந்தக் கரையில் பெரும்பாலும் மணல்பாங்கு. முதுகுளத்தூர், கமுதி பக்கம் உள்ளே போனால் கரிசல். இரண்டும் நேர் எதிர்க் குணம். மணல் நனைந்தால் உப்பாது, காய்ந்தால் வெடிக்காது. நாலு பக்கமும் அடைத்து இறுக்கிவிட்டால் நல்ல அடித்தளம். ஓரம் திறந்து கிடந்தால்தான் தொல்லை. ஐப்பசி மழையில் ஓரத்து மணல் அரித்துப் போகும், ஸ்லாப்பின் விளிம்பு அந்தரத்தில் தொங்கும், அடுத்து ஒரு பைக் ஏறியதும் துண்டாக உடையும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் வாய் பாதையோரத்தைப் பார்த்திருந்தால் இது ஒரே மழையில் நடக்கும். முதலில் அந்தக் குழாயைத் திருப்புங்கள். கரிசல் என்றால் ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்புவதைத் தவிர மலிவான வழி கிடையாது.

புது வீட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டி மூடிய பள்ளம், சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வீட்டைச் சுற்றி ஓடும். செப்டிக் டேங்கைச் சுற்றியும் அப்படித்தான். அள்ளிப் போட்ட மண், இறுக்கியிருக்க மாட்டார்கள். அதன்மேல் பால் காய்ச்சும் நாளுக்கு முன் அவசரமாகப் பாதை போட்டால் முதல் மழைக்காலம் முடிந்ததும் சுவரோரம் ஒரு அங்குலம் இறங்கிச் சாய்ந்துவிடும். அதுவும் வீட்டுப் பக்கமாகச் சாயும், தண்ணீர் சுவரில் போய் நிற்கும். முடிந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். முடியாவிட்டால் அந்த மண்ணை மறுபடி எடுத்து, அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தோண்டும் அளவு இப்படி: 4 அங்குல ஜல்லிப் படுகை, அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட், பாதை தரைமட்டத்துக்கு 1 அங்குலம் மேலே தெரிய வேண்டும். ஆக 7 அங்குலம் தோண்டினால் சரி. பாதை 4 அடி அகலம் என்றால் இரண்டு பக்கமும் அரை அடி கூட்டி 5 அடி அகலத்துக்குத் தோண்டுங்கள். அந்த அரை அடி பிதுக்கம்தான் விளிம்பைக் காப்பது. வேர், பனையோலைத் துண்டு, பழைய சாக்கு என்று மட்கும் எதுவும் அடியில் இருக்கக் கூடாது.

படுகைக்கு நம் ஊரில் வழக்கமாகக் கிராவல் அடிப்பார்கள். கடலிலிருந்து தள்ளி இருந்தால் அது போதும். நிலத்தடி நீர் உவராக, மேலேயே கிடைக்கும் இடங்களில் (பாம்பன், தங்கச்சிமடம் போன்ற தீவு ஊர்கள், உப்பளம் ஒட்டிய வாலிநோக்கம் பக்கம்) ஜல்லிதான் சரி. காரணம் இது: பொடி மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல உப்புத் தண்ணீரை மேலே இழுக்கும். பெரிய ஜல்லியின் இடைவெளி அகலமானது, அதில் தண்ணீர் ஏறாது. ஒன்றரை அங்குல ஜல்லியைப் பரப்பி, இண்டு இடுக்கில் அரை அங்குல ஜல்லி நிரப்பி இறுக்குங்கள். நேரே மணல்மேல் கொட்டினால் ஜல்லி மணலுக்குள் புதைந்து போகும். அதனால் நனைத்து இறுக்கிய மணலின்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணியை முதலில் விரித்துக்கொள்ள வேண்டும்.

இறுக்குவதற்குப் பிளேட் காம்பாக்டர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. திமிசுக்கட்டையால் அடிப்பதானால் 3 அங்குலத்துக்கு மேல் ஒரே வரிசையில் போடக் கூடாது, மேலே மட்டும் இறுகும். காய்ந்த மணலை எத்தனை அடித்தாலும் இறுகாது, விலகி விலகி ஓடும். தண்ணீர் விட்டு ஊறவைத்த பிறகு அடிக்க வேண்டும். மணலை நனைக்க ஊர்க் கிணற்று உவர்த் தண்ணீரைக்கூட விடுகிறார்கள். அப்படிச் செய்தால் படுகைக்கு அடியில் உப்பைச் சேமித்து வைத்தது போல. வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஜல்லிமேல் அரை அங்குலம் குவாரி டஸ்ட் தூவிச் சமப்படுத்தி, 200 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை விரித்துவிடுங்கள். கீழிருந்து உவர் ஏறுவதைத் தடுக்கும். கலவைத் தண்ணீரைத் தரை உறிஞ்சாமலும் காக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: கீழே போக வழியில்லாத தண்ணீர் முழுவதும் மேலே வரும், அதனால் மெழுகுவதற்குக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இதைப் பின்னால் பார்க்கலாம்.

தண்ணீரும் மணலும்

இந்தக் கரையில் கான்கிரீட் வேலைக்கு அரிதான சரக்கு நல்ல தண்ணீர்தான். சிமென்டையும் ஜல்லியையும் லாரி கொண்டுவந்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குடிக்கத்தானே, கட்டடத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்ற எண்ணம்தான் பாதி வீடுகளைப் பொரிய வைத்தது. ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி, கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. இது கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு மட்டும். கம்பி இருந்தால் 500 மில்லிகிராம்தான். சல்பேட்டுக்கு 400 மில்லிகிராம். ஒப்பிட்டுப் பார்க்க, கடல்நீரில் குளோரைடு மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், குளோரைடைத் தனியாகச் சொல்லாது. நாக்கில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைக் கலவைக்கும் தொடாதீர்கள், காயாமல் காப்பதற்கும் விடாதீர்கள் என்பது எளிய விதி.

பயப்படும் அளவுக்குத் தண்ணீர் தேவைப்படாது. கீழே வரும் 30 அடிப் பாதைக் கணக்குக்குக் கலவைக்கு மொத்தம் 225 லிட்டர்தான், பதினைந்து குடம்.

கடல் மணலைப் பற்றி இரண்டு வார்த்தை போதும்: எடுக்காதீர்கள். "நாலு தரம் அலசிட்டா உப்புப் போயிடும்" என்பார்கள். அலசுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அது இருந்தால் மணலே விலைக்கு வாங்கிவிடலாம். தவிர கடற்கரை மணல் ஒரே அளவுப் பொடி, கலவைக்கு வேண்டிய கலப்பு அளவு அதில் இல்லை. அதேபோலப் பவளக் கல். கீழக்கரை, இராமேசுவரம் பக்கம் பழைய வீடுகள் பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவைதான். அது அந்தக் காலம். 2001 முதல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி அடியில் நிரப்புவதும் குற்றம், உப்பு ஊறிய கல் என்பதால் வேலைக்கும் கேடு.

எம்-சாண்ட் அல்லது ஆற்று மணல், எது வந்தாலும் கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் முக்கால் வரை தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம். ஈர மணல் பொங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. லேசாக நனைந்த பொடி மணல் கால் பங்குக்கு மேலேயே பொங்கும். பெட்டியால் அளந்தால் மணல் குறைவாக விழும்.

சிமென்டில் பி.பி.சி. (சாம்பல் கலந்தது) வாங்குங்கள், கிடைத்தால் ஸ்லாக் சிமென்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) இன்னும் நல்லது. மூட்டையில் முதலாவதற்கு ஐ.எஸ். 1489, இரண்டாவதற்கு ஐ.எஸ். 455 என்று அச்சிட்டிருக்கும். சாம்பலும் கசடும் கலந்த இந்த வகைகள் மெதுவாகத்தான் இறுகும், ஆனால் உப்பு உள்ளே புகும் நுண்துளைகளை நன்றாக அடைக்கும். கலப்பில்லாத ஓ.பி.சி. 53 வகையை "ஸ்ட்ராங்" என்று சொல்லி விற்பார்கள். நடைபாதைக்கு அந்த வேகம் தேவையில்லை. மூட்டையில் உள்ள வாரம், ஆண்டு பார்த்து மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை விட்டுவிடுங்கள். வாங்கியதைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். இந்த ஊர் ஈரக்காற்றில் அடி மூட்டை ஒரே மாதத்தில் கட்டி தட்டிவிடும்.

கம்பி போடலாமா?

நடக்கும் பாதைக்கு வேண்டாம். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். 4 அங்குல ஸ்லாப்பில் கம்பி போட்டால் அதற்கு மேலும் கீழும் கிடைக்கும் கான்கிரீட் மூடல் இரண்டு அங்குலம்கூட வராது. நடைமுறையில் ஆள் மிதித்து மிதித்துக் கம்பி தரையிலேயே படுத்துவிடும். உப்பு உள்ளே போனதும் துரு பிடிக்கும். துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கம்பியில்லாத பாதை காடியில் மெல்லிசாகப் பிளந்து நின்றுவிடும். கம்பி போட்ட பாதை சில வருஷத்தில் ஓடு ஓடாகப் பெயரும். பணத்தைக் கொடுத்துக் கெடுதலை வாங்குவது எதற்கு? கார் ஏறும் இடம் என்றால் கதை வேறு. அங்கே கனத்தை 6 அங்குலமாக்குங்கள், படுகையையும் கூட்டுங்கள். அதற்கும் பிறகுதான் கம்பியைப் பற்றிய யோசனை.

கணக்கு

30 அடி நீளம், 4 அடி அகலம், 4 அங்குலக் கனம்: 40 கன அடி. கலவை சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, அதாவது எம்20 தரம். கடல் காற்று நேராக வீசும் இடத்தில் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கும் தரவிதி குறைந்தபட்சமாகக் கேட்பது இதுதான்.

ஒரு மூட்டை சிமென்ட் கிட்டத்தட்ட 1.25 கன அடி. உள்ளளவு 1 அடிக்கு 1 அடி, உயரம் 15 அங்குலம் என்று ஒரு மரப்பெட்டி செய்துகொண்டால் அதுவே 1.25 கன அடி. மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் அங்குல ஜல்லி, 25 லிட்டர் தண்ணீர். இப்படி ஒரு மூட்டைக் கலவை இறுகியபின் சுமார் 4.4 கன அடி தரும். ஆக 9 மூட்டை வேண்டும். சிந்திச் சிதறுவதற்கு ஒன்று சேர்த்து 10 வாங்குங்கள். மெஷின் இல்லாமல் கையால் கலப்பதானால் பத்தில் ஒரு பங்கு சிமென்ட் கூட்டுவது வழக்கம், அப்போது 11. மணல் 20 கன அடி, ஜல்லி 37 கன அடி. படுகைக்கு இறுகிய அளவு 50 கன அடி என்பதால் முக்கால் யூனிட் (75 கன அடி) தருவித்தால் போதும்.

25 லிட்டரில் கலவை கெட்டியாக இருக்கும். "கொஞ்சம் தண்ணி விட்டுக்கிறேண்ணே, இழுக்க லேசா இருக்கும்" என்று குரல் வரும். மூட்டைக்கு 5 லிட்டர் கூட்டினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும், சுருக்கமும் கூடும். இழுக்கச் சிரமம் என்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவத்தை மூட்டைக்கு டப்பாவில் போட்ட அளவுப்படி கலந்துகொள்ளலாம். மணல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் 25 லிட்டரிலும் குறைக்க வேண்டும்.

போடும் நாள்

ஓரத்தில் 4 அங்குலப் பலகை நிறுத்தி முளை அடித்து, நூல் பிடித்து, டியூப் லெவலில் மட்டம் பாருங்கள். பாதை வீட்டை விட்டு விலகி அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். 4 அடி அகலத்துக்கு 1 அங்குலம். சக்கர நாற்காலி ஏற வேண்டிய வீடென்றால் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் ஒரு வழி விட்டுவிடுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். குறுக்கே போக வேண்டிய தண்ணீர்க் குழாய், கேட் விளக்கு வயர் எல்லாவற்றுக்கும் ஒரு வெற்றுக் குழாயை அடியில் புதைத்து வையுங்கள். கேட்டுக்கு வெளியே உள்ள இடம் ஊராட்சி, நகராட்சியுடையது. அங்கே சரிவு கட்டுவதானால் அனுமதி கேட்டுக்கொண்டு கட்டுங்கள், வடிகாலை மூடாதீர்கள்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்கள்தான் ஆபத்து. வெயிலைவிடக் காற்று மோசம். ஈரமான ஸ்லாப்பின் மேல்தண்ணீரைக் காற்று அள்ளிக்கொண்டு போனால், இறுகும் முன்பே மேல்தோல் சுருங்கி, ஒன்றுக்கொன்று இணையாகச் சிறுசிறு விரிசல்கள் விழும். மேற்பரப்பில் சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியானாலே இந்த நிலை வரும். விடிந்ததும் தொடங்கி ஒன்பது, ஒன்பதரைக்குள் கொட்டி முடியுங்கள். முற்பகலில் கடல்காற்று எழும்பிவிடும். காற்று வரும் பக்கம் கிடுகு கட்டி மறைப்பது இந்த ஊருக்கே உரிய நல்ல வழி. ஐப்பசி, கார்த்திகையில் போடுவதானால் தார்ப்பாய் கையருகே இருக்கட்டும்.

கலந்ததை அரை மணிக்குள் இடத்தில் போட்டுவிட வேண்டும். கம்பியால் குத்தி, முக்கியமாகப் பலகை ஓரங்களில் குத்தி, மட்டக்கோலால் அறுத்து இழுத்ததும் மேலே தண்ணீர் கசியத் தொடங்கும். இங்கேதான் பல பாதைகளின் மேல்தோல் கெடுகிறது. அந்தத் தண்ணீர் நிற்கும்போதே கரணையால் மெழுகினால், அல்லது ஈரம் வாங்கட்டும் என்று சிமென்ட் பொடி தூவினால், மேலே பலவீனமான ஒரு தோல் உண்டாகும். ஒரு வருஷத்தில் அது அப்பளம் மாதிரி பெயரும். பளபளப்பு அடங்கி, பெருவிரலால் அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத நிலை வரும்வரை பொறுங்கள். அடியில் பாலிதீன் போட்டிருந்தால் இன்னும் நேரமாகும். பிறகு மணியாஸ் என்ற மரத் தேய்ப்புக் கட்டையால் தேய்த்து, காடி வெட்டி, ஓரத்தை உருட்டிவிட்டு, நடக்கும் திசைக்குக் குறுக்காக விளக்குமாற்றால் லேசாக ஒரு இழு. பளிங்கு மாதிரி மெழுகிய பாதையில் மழை நாளில் வழுக்கி விழுபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பெரியவர்தான்.

ஈரத்திலேயே காடி வெட்டத் தவறினால் மறுநாள் காலைக்குள் கட்டிங் மெஷினால் வெட்டலாம். அதைத் தாண்டினால் விரிசல் முந்திக்கொள்ளும். ஆள் குறைவென்றால் வேறு வழி: ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டங்களைப் போட்டு, இரண்டு நாள் கழித்து இடையிலுள்ளவற்றை நிரப்புவது. அப்படிச் செய்தால் ஜாயின்ட் தானாகவே அமையும். வேலை பாதியில் நின்றால் எப்போதும் காடி வரும் கோட்டில் நிறுத்துங்கள், கட்டத்தின் நடுவில் நிறுத்தாதீர்கள்.

மேல் இறுகியதும் ஈரச் சாக்கு, அதன்மேல் பாலிதீன் ஷீட், ஓரங்களில் கல் வைத்து மூடுங்கள். தரவிதி சாதாரணச் சிமென்டுக்கு 7 நாள் என்கிறது. நம்முடைய வெயிலுக்கும் பி.பி.சி.க்கும் 14 நாள் தேவை. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் இந்தச் சாக்கு, ஷீட் முறைதான் லாபம். நாளைக்கு இரண்டு மூன்று குடம் தெளித்தால் போதும். பலகையை மறுநாள் எடுக்கலாம், இரண்டு நாளில் நடக்கலாம், பைக் ஏற ஒரு வாரம் ஆகட்டும். பலகை எடுத்த கையோடு இரண்டு ஓரத்திலும் மண் அணைத்துவிடுங்கள்.

பழையதை மாற்றுவது

முதலில் தட்டிப் பாருங்கள். கம்பியால் தட்டும்போது "டொக் டொக்" என்று பொள்ளலாக ஒலித்தால் அடியில் மண் இல்லை, அந்தக் கட்டம் போனதுதான். இரண்டு கட்டங்களின் உயரம் அரை அங்குலம் மாறியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான், கால் இடறும். மயிரிழை விரிசல், மட்டம் மாறாமல் நிற்பது, அதை விட்டுவிடலாம். மேல்தோல் மட்டும் வெண்மையாகப் பூத்திருந்தால் உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்துவிட்டு ஒரு வருஷம் பாருங்கள். மறுபடி பூத்து, தோலும் உதிர்ந்தால் உப்பு கீழிருந்து வருகிறது.

உடைந்த பாதைக்கு மேலேயே ஒரு அங்குலம் சாந்து பூசிவிடும் வேலை நிறைய நடக்கிறது. கீழே உள்ள விரிசல் சில மாதத்தில் மேலேயும் அப்படியே தெரியும், பூச்சு ஓடாகக் கழன்று வரும். செலவழிக்கும் காசுக்குக் கெட்ட கட்டத்தை மட்டும் முழுதாக எடுத்துப் போடுவதே மேல்.

எடுக்கும் கட்டத்தின் நான்கு ஓரத்தையும் காடிக் கோட்டிலேயே கட்டிங் மெஷினால் முழு ஆழத்துக்கு அறுத்துவிட்டுத்தான் சம்மட்டியைத் தூக்க வேண்டும். அறுக்காமல் அடித்தால் பக்கத்து நல்ல கட்டமும் சேர்ந்து விரியும். 4 அடிச் சதுரக் கட்டம் 360 கிலோ தாண்டும். பன்னிரண்டு துண்டாக்கினால்தான் ஒருவர் தூக்கும் எடை வரும். கடப்பாரையை நடுவில் விட்டு நெம்புங்கள், பக்கத்துக் கட்டத்தின் விளிம்பை ஆதாரமாக வைக்காதீர்கள். உப்பேறிய உடைசலைப் புதுக் கலவையில் ஜல்லியாகச் சேர்க்கக் கூடாது.

இனி ஏன் உடைந்தது என்று குழிக்குள் பாருங்கள். மணல் அரித்த பள்ளமா, கசியும் குழாயா, வேரா? வேப்ப மரத்து வேர் வருஷா வருஷம் பருக்கும், ஸ்லாப்பை மெல்லத் தூக்கும். தென்னை வேர் பருப்பதில்லை, அதனால் தென்னையைக் குற்றம் சொல்ல வேண்டாம். மரத்தடியை ஒட்டிய வேப்ப வேரை வெட்டினால் புயல் காற்றில் மரம் சாயும். பாதையை வளைத்துவிடுங்கள், அல்லது அந்த இரண்டு கட்டத்துக்கு மட்டும் 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் பதியுங்கள். வேர் தூக்கினால் எடுத்துச் சரிசெய்து மறுபடி வைக்கலாம். குழாய் வேலை பாக்கியிருக்கும் வீட்டுக்கும் அதுவே நல்லது.

குழியை ஜல்லியால் நிரப்பி இறுக்கி, பழைய ஸ்லாப்பின் அறுத்த முகத்தில் தார் அட்டை ஒட்டிவிட்டுப் புதுக் கான்கிரீட்டைக் கொட்டுங்கள். பழையதோடு புதியது ஒட்ட வேண்டும் என்று சிமென்ட் பால் அடிப்பது இங்கே வேண்டாம். ஒட்டினால் ஒன்று சுருங்கும்போது இன்னொன்றை இழுக்கும். புதுக் கட்டம் நிறம் வேறாகத் தெரியும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் வித்தியாசம் மங்கும், முழுதாகப் போகாது. அதை மறைக்க மேலே சிமென்ட் பூச்சு கேட்பவர்களுக்குக் கொத்தனார் மறுப்புச் சொன்னால் அவரிடமே அடுத்த வேலையையும் கொடுக்கலாம்.